மிச்சம் வைக்கத் தெரியாத உடம்பு

நெடுங்கண்மாயில் ஆம்பளை குடித்தால் யாரும் அதைப் பேச்சாக எடுக்க மாட்டார்கள். சனிக்கிழமைக்கு ஒரு குடி, குலசாமி கும்பிடும் களரிக்கு ஒரு குடி, எழவு வீட்டுக்கு ஒரு குடி என்று அது பாட்டுக்கு நடக்கும். பொம்பளை குடித்தால்தான் பேச்சு. அந்த வகையில் பூமயில் நாலைந்து வருசமாக ஊர் வாய்க்குள் கிடந்தாள்.

அவளும் புருசன் வேல்ராஜும் கரிமூட்டம் போடுகிறவர்கள். ஊருக்குத் தெற்கே கண்மாய்க்குள்ளும் புஞ்சைக்குள்ளும் சீமைக்கருவை மண்டிக் கிடக்கிறது. மழை பொய்த்த நிலத்தில் அது ஒன்றுதான் யாரையும் கேட்காமல் வளரும். மரத்தை வெட்டி, முள் கழித்து, கட்டைகளைக் கூம்பாகச் சாய்த்து அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் போட்டு, ஈரமண் குழைத்துப் பூசி, உள்ளே தீ வைப்பார்கள். கட்டை எரிந்துவிடக் கூடாது, வேக வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் வெள்ளைப் புகை நீலம் பாய்கிறவரை ஓர் ஆள் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். புருசன் பொஞ்சாதி இருவரும் எச்சில் துப்பினால் கறுப்பாகத்தான் விழும்.

இதில் எல்லாம் கடுமையானது தூர் தோண்டுவது. வெட்டிய மரத்தின் வேர்க்கட்டையைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுக்க வேண்டும். தூர்க்கரிக்கு நல்ல விலை என்று ஒரு கோடை முழுக்கத் தோண்டினார்கள். பூமயிலுக்கு இடுப்பு விட்டுப்போனது. படுத்தால் எழுந்திரிக்க முடியவில்லை. மாத்திரை, தைலம் எல்லாம் பார்த்துவிட்டு வேல்ராஜ்தான் தன் பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு டம்ளரில் ஊற்றி, கலர் கலந்து கொடுத்தான். மருந்து மாதிரி நினைத்துக்கொண்டு குடி, உறக்கம் வரும் என்றான். வந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது.

வேல்ராஜின் குடி வேறு மாதிரி. சனிக்கிழமை ஒரு குவாட்டர் வாங்குவான். பாதி குடித்ததும் போதும் என்று மூடியைத் திருகி, மிச்சத்தை உரச்சாக்குக்குள் சொருகி வைப்பான். அடுத்த சனிக்கிழமை வரை அது அங்கே கிடக்கும். சில வாரம் மறந்தும் போவான். பூமயிலுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. வீட்டில் ஒரு வாய் இருந்தால் அவளால் காட்டில் நின்று வெட்ட முடியாது. தொட்டிலில் பிள்ளை அழ அழ விட்டுவிட்டு வந்தவளைப் போலக் கை வேலையில் நிற்காது. மனசு வீட்டுக்கு ஓடும். எடுத்துக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். பிறகு தானே வாங்க ஆரம்பித்தாள். கடையில் போய் நிற்க முடியாது என்பதால் வாங்கிக் கொடுக்க ஆள் பிடித்தாள்.

போன வருசத்துக்கு முந்தின தை மாதம், வேல்ராஜ் கரி வியாபாரி மதாரைப் பார்க்க ராமநாதபுரம் போயிருந்தான். மூட்டத்துக்குப் பூமயில் காவல். வெயில் ஏறும்போதே குடித்துவிட்டுக் கொட்டகை நிழலில் சாய்ந்தாள். காற்றுப் பக்கம் மண் வெடித்தது. அனல் முகத்தில் அடித்துத்தான் விழித்தாள். மண்ணை அள்ளிப் போடப் போய் இடது கை முழங்கை வரை வெந்துபோனது. ஊரே ஓடி வந்தபோது மூட்டம் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. அவள் வாயில் வாடை. வேல்ராஜ் திரும்பி வந்து, வெந்த கை என்றும் பார்க்காமல் அடித்தான்.

மகள் யுவராணி பரமக்குடியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். சேதி கேட்டு வந்தவள் அப்பனைத் தாண்டி உள்ளே போனாள். அம்மாவின் துணியை ஒரு பையில் வைத்து, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

குடிநோய் வார்டில் அத்தனை பேரும் ஆம்பளைகள். பூமயிலுக்கு அங்கே கட்டில் இல்லை. பொம்பளைகள் பொது வார்டில் கடைசிக் கட்டிலில் போட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரிகள் என்ன சீக்கு என்று கேட்டால் தீக்காயம் என்று கையைக் காட்டுவாள். டாக்டரம்மா மதுரைப் பக்கத்து ஆள், அதட்டிப் பேசத் தெரியாதவள். ஒரு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டு ஆட்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அய்யா குடித்துத்தான் செத்தார் என்றாள் பூமயில். அவருடன் பிறந்த அத்தையும் சாராயம் இருந்த காலத்தில் குடிக்கும். தம்பி முனீஸ்வரன் மீன்பிடி போட்டுக்குப் போகிறான். அவன் தன்னைவிட மோசம்.

டாக்டரம்மா சொன்னாள்.

"சக்கரை சில குடும்பத்துல வழிவழியா வரும்ல, இதுவும் அப்படி வர்றதுண்டு. குடிக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகுறதில்ல. உங்க வீட்டுக்காரர் ஒடம்பு போதும்னு சொல்லுது. உங்க ஒடம்புக்கு அதச் சொல்லத் தெரியல. அதுக்காகக் குடிக்கலாம்னு அர்த்தமில்ல. தொடாம இருக்கிறது உங்க கையிலதான் இருக்கு. ஆனா மத்தவங்களவிட உங்களுக்கு அது ரொம்பப் பாடு. அதத் தெரிஞ்சுக்கிட்டுப் பாடுபடுங்க."

பிறகு இன்னொன்றும் கேட்டாள். மாதத்தில் எந்த நாளில் ஆசை அதிகம் வருகிறது? பூமயிலுக்கு முதலில் விளங்கவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்தபோது விளங்கியது. வீட்டுக்குத் தூரமாவதற்கு முந்தின சில நாட்கள். அந்த நாட்களில்தான் நெஞ்சு படபடக்கும், உறக்கம் வராது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும், கால் தானாக வெளியே இழுக்கும். மூட்டம் எரிந்ததும் அப்படி ஒரு நாளில்தான். எல்லாப் பொம்பளைக்கும் அப்படி இல்லை, உங்களுக்கு இருக்கிறது, அந்த நாட்களில் பட்டினி கிடக்காதீர்கள், தனியாக இருக்காதீர்கள், வீட்டில் பாட்டில் இருக்கவே கூடாது என்றாள் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து வேல்ராஜிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ங்கிற கதையால்ல இருக்கு. ஒடம்பு என்னடி செய்யும்? மனசுல வைராக்கியம் வேணும்."

இருந்தாலும் வீட்டில் வைப்பதை நிறுத்தினான். மகள் கண்டிஷன் போட்டிருந்தாள். பூமயில் மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். காட்டுக்குப் போகும்போது மடியில் கருப்பட்டித் துண்டு இருக்கும். நாக்கு கேட்கும்போதெல்லாம் ஒன்று வாயில் போடுவாள். கஞ்சிக்குச் சுட்ட கருவாடு, மோர்மிளகாய் என்று வேளை தப்பாமல் தின்றாள். அந்த நாட்கள் வந்தால் சேதுலட்சுமி வீட்டு மிளகாய்க் களத்தில் போய்ப் பத்துப் பொம்பளைகளோடு உட்கார்ந்து காம்பு கிள்ளுவாள். மிளகாய் நெடியில் கண்ணும் மூக்கும் ஒழுகும். அழுதால்கூட யாருக்கும் தெரியாது. ஒரு வருசம் போனது. இன்னொரு மழைக்காலமும் போனது. ஊர் வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

சித்திரையில் மீன்பிடி தடைக்காலம் தொடங்கி, போட்டெல்லாம் கரையில் கிடந்தபோது முனீஸ்வரன் வந்தான். அவனுக்குக் கடற்கரையில் அக்காள்மடத்தில் குடியிருப்பு. எப்போது வந்தாலும் ஐஸ் போட்ட பையில் நண்டோ பாறை மீனோ கொண்டுவருவான். இந்தத் தடவை வெறுங்கை. கண் மஞ்சள் பூத்திருந்தது. கால் வீங்கி, வயிறு முன்னுக்குத் தள்ளியிருந்தது. பொஞ்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பாலைக்குடிக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

"நிப்பாட்டிட்டேன்க்கா" என்றான். "நேத்துக் காலைலருந்து தொடல. நீயே நிப்பாட்டிட்டே, என்னால முடியாதா?"

டீ டம்ளரைக் கொடுத்தாள். அவனால் பிடிக்க முடியவில்லை. பாதி சட்டையில் கொட்டியது. பூமயில் ஆஸ்பத்திரியில் இப்படி நடுங்கிய ஓர் ஆளைப் பார்த்திருக்கிறாள். காலையில் டீ கேட்டவன் மத்தியானம் வலிப்பு வெட்டு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பல வருசம் குடித்தவர்கள் வீட்டில் இருந்துகொண்டு திடீரென்று நிறுத்தக் கூடாது, மருந்து போட்டுத்தான் இறக்க வேண்டும் என்று டாக்டரம்மா அவளிடம் அப்போதே சொல்லியிருந்தாள். அன்றைக்கே பஸ் ஏறுவோம் என்று தம்பியைக் கெஞ்சினாள். அவன் காதில் வாங்கவில்லை. போட்டு ஆட்கள் பாதிப்பேர் அந்த வார்டுக்குப் போய் வருகிறவர்கள், அங்கே படுத்துக்கிடந்து அவர்கள் கண்ணில் படுவதற்குச் செத்துப்போகலாம் என்றான்.

வேல்ராஜும் அவன் பக்கம்தான். "ஆம்பள வைராக்கியமா நிக்கிறான். நீ கெடுக்காத. நம்ம கூட காட்டுல கிடக்கட்டும். வேர்வையில எல்லாம் எறங்கிப்போகும்" என்றான். மச்சினனை அவனுக்குப் பிடிக்கும். அந்த வார்த்தையில் ஒரு பெருமைகூட இருந்தது. பூமயிலின் வார்த்தை எடுபடவில்லை. குடித்தவள் வார்த்தைக்கு அந்த வீட்டில் எடை குறைவு.

மறுநாள் மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. கத்திரி வெயில் நெருங்கும் காலம். காற்றே இல்லை, புகை ஆள் உயரத்தில் அப்படியே நின்றது. முனீஸ்வரன் இராத்திரி முழுக்க உறங்கவில்லை. கொட்டகையில் குந்தியிருந்தவன் உச்சிப்பொழுதுக்கு எழுந்து, புகையைப் பார்த்தபடி இரண்டு கைகளாலும் எதையோ இழுக்கத் தொடங்கினான். கைக்குக் கை மாற்றி, காலை மண்ணில் ஊன்றி, குனிந்து நிமிர்ந்து இழுத்தான். வலை இழுக்கிறான் என்று வேல்ராஜுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"மச்சான், ஒரு கை குடுங்க. வலைல பாடு கனமா இருக்கு" என்று கூப்பிட்டான். "கிழிஞ்சிரும் போல இருக்கு."

வேல்ராஜ் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே நின்றான். பூமயில் ஓடிப்போய்த் தம்பியின் கையைப் பிடித்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அவளை யார் என்று தெரியவில்லை. அந்தக் கைப்பிடியிலேயே அவன் விறைத்தான். கண் மேலே ஏறியது. மண்ணில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, திரும்பித்தான் வர வேண்டும் என்றார்கள். கரிச்சாக்கு ஏற்றும் முத்துராமலிங்கத்தின் லோடு ஆட்டோ ரோட்டோரம் நின்றது. அதன் பின்னால் சாக்கை விரித்துத் தூக்கிப் போட்டார்கள். வெட்டு நின்று முனீஸ்வரனுக்கு நினைவு திரும்பியிருந்தது. ஆனால் நடுக்கம் நிற்கவில்லை. மறுபடி வெட்டு வந்தால் தாங்க மாட்டான் என்று பூமயிலுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறவரை இந்த உடம்புக்கு அது கேட்பதைக் கொஞ்சம் கொடுத்தால் தாங்கும் என்றும் தோன்றியது. குடித்த உடம்புக்குத்தான் அது தெரியும்.

"கொட்டகைல வச்சிருக்கீங்களா?" என்று புருசனைக் கேட்டாள்.

வேல்ராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் போய், உரச்சாக்குகளுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தான். பாதி இருந்தது.

ஆட்டோவின் பின்னால் வேல்ராஜ் மச்சினனை மடியில் போட்டு இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். ஊற்றுகிற வேலை பூமயிலுக்கு. மூடியில் ஊற்றி, உதட்டில் வைத்து, விழுங்குகிறானா என்று பார்த்து, மறுபடி ஊற்றினாள். ரோடு முழுக்கப் பள்ளம். குலுங்கும்போதெல்லாம் கையில் கொட்டியது. பழைய தீக்காயத் தழும்பு மேலும் சேலை மேலும் வாடை ஏறியது. அவளுக்கு அது அந்த நாட்கள். காலையிலிருந்தே நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. மடியில் கருப்பட்டி இல்லை. வாயை மூடிக்கொண்டு மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு ஊற்றினாள். தம்பியின் நடுக்கம் குறையக் குறைய அவளுக்கு அது கூடியது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டிரெச்சரில் ஏற்றி உள்ளே தள்ளினார்கள். வேல்ராஜ் பின்னாலேயே ஓடினான். முத்துராமலிங்கம் வண்டியை ஓரங்கட்டப் போனான். பூமயில் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்றாள். கையில் பாட்டில் இருந்தது. அடியில் இன்னும் கொஞ்சம் கிடந்தது. கொட்டிவிட வேண்டும் என்றுதான் மூடியைத் திறந்தாள்.

ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அது உள்ளே இறங்கியதும் உடம்பு அடங்கியது. அடங்கிய மாதிரியே அடுத்ததைக் கேட்டது.

உள்ளே டாக்டரம்மா, கொடுத்ததைப் பற்றி ஒன்றும் குறை சொல்லவில்லை. நடுக்கம் கண்ட அன்றைக்கே கொண்டு வந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஈரல் முன்பே போயிருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. முனீஸ்வரன் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. திருப்பாலைக்குடியிலிருந்து பொஞ்சாதி வந்து சேர்ந்தபோது வாயில் துணி கட்டிவிட்டிருந்தார்கள். தடைக்காலம் என்பதால் போட்டு ஆட்கள் எல்லாரும் எழவுக்கு வந்திருந்தார்கள். கடலுக்குப் போகிற காலமாக இருந்தால் தூக்குவதற்கு ஆள் கிடைத்திருக்காது என்று ஒருவர் சொன்னார்.

எழவு வீட்டில் குடிக்கு என்ன பஞ்சம்? ஆம்பளைகள் பின்பக்கம் போய் வந்தார்கள். பூமயிலும் போய் வந்தாள். வாடையைக் கண்டுபிடித்தது வேல்ராஜ்தான். கருமாதி முடிந்து நெடுங்கண்மாய்க்குத் திரும்பிய அன்று, அவள் உலை வைக்கக் குனிந்தபோது தெரிந்தது. மாமா எழவுக்கு வந்திருந்த யுவராணி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பன் கை ஓங்குவான் என்று நினைத்து உள்ளே வந்தாள். அவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பாட்டில நாந்தான வச்சிருந்தேன்" என்றான். "வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு வச்சிருந்தேன். அவனையும் நாந்தான் காட்டுல போட்டேன்."

"நீங்க வைக்காட்டி நான் வாங்கிருப்பேன்" என்றாள் பூமயில். அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "அவனுக்கு வைராக்கியம் இல்லாமயா போச்சு? வைராக்கியமா நின்னுதான் செத்தான்."

வேல்ராஜ் எழுந்து வெளியே போய், விட்டுப்போன மூட்டத்தைப் பார்க்கக் காட்டுப் பக்கம் நடந்தான். யாரும் காவல் இல்லாமல் அது என்றைக்கோ சாம்பலாகியிருந்தது. அவனுக்கும் அது தெரியும்.

யுவராணி அம்மா பக்கத்தில் குந்தினாள். நெடுநேரம் அரிசியைக் களைந்தாள். மாமா கடைசியாக வலை இழுத்ததைப் பற்றி எழவு வீட்டில் பேசிக்கொண்டார்களே, அது நிசமா என்று கேட்டாள். பூமயில் தலையாட்டினாள்.

"எனக்கும் அந்த ஒடம்புதானாம்மா?"

பூமயில் விறகைத் தள்ளினாள். தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யுவராணியே குனிந்தபடி சொன்னாள்.

"போன பொங்கல் லீவுக்கு முன்னாடி ஹாஸ்டல்ல ஒருத்தி பிறந்தநாளு. பீர் வாங்கிட்டு வந்தாளுக. நானும் குடிச்சேன். மத்தவளுக எல்லாம் வாந்தி. ஒருத்தியால எந்திரிக்கவே முடியல. எனக்கு ஒண்ணுமே செய்யலம்மா. நாந்தான் எல்லாருக்கும் தலையப் பிடிச்சுவிட்டு, ரூமக் கழுவிவிட்டேன். உனக்குக் கெட்டி ஒடம்புடின்னு சொன்னாளுக."

அடுப்பைப் பார்த்தபடியே, "நல்லாவும் இருந்துச்சு" என்றாள்.

உலை கொதித்து மூடியைத் தள்ளியது. பூமயில் அதை எடுக்கவில்லை.

"எனக்கும் மொத நாளு ஒண்ணும் செய்யல" என்றாள். "குடிச்சு ஒறங்கிட்டு, விடியவும் எந்திரிச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன். கெட்டி ஒடம்புன்னு ஒங்கப்பாவே சிரிச்சாரு. அவரு மொத மொதக் குடிச்சப்ப ரெண்டு நாளு தலை தூக்காமக் கெடந்தாராம். அவருக்கு அதுவே காவலாப் போச்சு. நமக்கு அந்தக் காவலு இல்ல தாயி."

"அதுக்கப்புறம் நான் தொடலம்மா."

"நெனச்சியா?"

யுவராணி களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். பூமயில் மூடியை எடுத்துக் கீழே வைத்தாள். அன்றிரவுச் சோற்றை இருவரும் ஒரே தட்டில் போட்டுத் தின்றார்கள். வேல்ராஜுக்கு மூடி வைத்தார்கள்.

விடிந்ததும் பூமயிலுக்குக் கை நடுங்கியது. கொஞ்சம்தான், டம்ளரைப் பிடிக்க முடிந்தது. வேல்ராஜ் டீயை அவளுக்கு ஆற்றிக் கொடுத்தான். நானும் வரவா என்று கேட்டான். வேண்டாம், நாங்கள் போய் வருகிறோம் என்றாள். அவன் பஸ் நிற்கிற இடம் வரை வந்து, பஸ் கிளம்புகிறவரை நின்றான்.

ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற இடத்தில் வரிசை தூணைச் சுற்றி வெளியே வரை நின்றது. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். ஒருவன் திரும்பி, பொம்பளைகளுக்கு வரிசை அந்தப் பக்கம் என்று காட்டினான். இதே வரிசைதான் என்றாள் பூமயில். மகள் அவள் தழும்புக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசை நகர்ந்து சன்னல் வந்தது. உள்ளே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே எந்த டாக்டர் என்று கேட்டார். குடிநோய் டாக்டரம்மா என்றாள். அவர் தலையைத் தூக்கி, அவளையும் பக்கத்தில் நின்ற பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கும்மா? வீட்டுக்காரருக்கா?"

"ரெண்டு சீட்டுப் போடுங்கய்யா" என்றாள் பூமயில். "எனக்கொண்ணு. என் மகளுக்கொண்ணு."